வாசல் புல்லுக்கு ஒரு ரவுண்டு

மெல்பர்னில் இருக்கும் மகள் மார்ச் முதல் வாரத்தில் வீடியோ காலில் வந்தாள். அங்கே மார்ச் முதல் தேதி பிறந்தால் இலையுதிர்காலம் என்று கணக்கு. குளிர் வருவதற்குள் வீட்டுப் புல்தரையை ஒரு தடவை சோதித்துப் பார்த்து, சொட்டையான இடத்தில் விதை தூவிவிட வேண்டுமாம். மண்ணில் கோடைச் சூடு இன்னும் மிச்சமிருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், விதை சீக்கிரம் முளைக்கும், களைத் தொல்லையும் அவ்வளவாக இருக்காது. காரணம் சரிதான். "உங்களுக்கு என்னப்பா கவலை, அங்க பன்னிரண்டு மாசமும் பச்சைதானே" என்று முடித்தாள்.

நான் போனை வேலிப் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

வேலிக்கு அந்தப்புறம் ஒரு மலாய்க்காரரின் மூன்று ஏக்கர் பால்மரம், ரப்பர்தான். பாதி மரம் மொட்டை. மீதிப் பாதியில் செம்புத் தகடு போல இளந்துளிர். கீழே தரை தெரியாத அளவுக்குச் சருகு. காற்று அடித்தால் அதில் கால்வாசி என் வாசலுக்கு வந்துவிடும். "எங்களுக்கும் இலையுதிர்காலம்தான், பாரு" என்றேன். சிரித்தாள். தோட்டத்தில் வளர்ந்திருந்தால் சிரித்திருக்க மாட்டாள்.

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் பால் வெட்டிய குடும்பங்களுக்கு இந்த மாதங்களின் கணக்கு நன்றாகத் தெரியும். ஜனவரி கடைசியில் வெயில் ஏறும், இலை பழுக்கும், பிப்ரவரியில் கொட்டும். துளிர் வந்து முற்றும் வரை மரம் தன் சத்தையெல்லாம் இலைக்கே கொடுக்கும். பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளம் குறையும். சம்பளம் குறைந்தால் டவுன் மளிகைக் கடை நோட்டில் எங்கள் பெயருக்குக் கீழே வரி கூடும். பக்கத்து ஊர் கோலகங்சாரில் 1877-ல் நட்ட பால்மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. நாட்டிலேயே மிகப் பழைய பால்மரங்களில் ஒன்று என்று வெளியூர்க்காரர்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் அந்தக் கடை நோட்டுதான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, புல்லுக்கு வருகிறேன்.

நான் இருபத்தேழு வருடம் ஒரு தோட்டத்தில் ஸ்டோர் கிராணியாக இருந்தவன். உரமூட்டை, மருந்து டின், மண்வெட்டிப் பிடி, எல்லாவற்றுக்கும் வரவு செலவு எழுதினேன். பால்மரத்தை அழித்து எண்ணெய்க்கான செம்பனை போட்டார்கள். அப்புறம் செம்பனையில் ஒரு பகுதியை வெட்டித் தாமான், அதாவது வீட்டுக் குடியிருப்பு, கட்டினார்கள். அந்தத் தாமானில் கடைசி வரிசையில் ஓரத்து வீடு எங்களுடையது. ஓரம் என்பதால் முப்பதடிக்கு இருபதடி நிலம் கூடுதலாகக் கிடைத்தது. அதில் ஊரில் எல்லோரும் போடுகிற மாட்டுப்புல்லைப் போட்டிருக்கிறேன். நர்சரியில் கவ் கிராஸ் என்று கேட்க வேண்டும். அகல இலை, தரையோடு ஓடும் தண்டு, புளித்த மண்ணையும் கொஞ்சம் நிழலையும் தாங்கும். வெப்ப மண்டல அமெரிக்காவிலிருந்து வந்த புல் அது. பால்மரமும் அந்தப் பக்கம்தான். நாங்கள் நாமக்கல்.

மகள் ஊரில் சோதனை குளிருக்கு முன்னால். இங்கே குளிர் கிடையாது, புல் ஒரு நாளும் தூங்குவதில்லை. ஆனால் பிப்ரவரி வெயிலில் அடி வாங்கியிருக்கும், ஏப்ரலில் சாயங்கால இடிமழை தொடங்கிவிடும். நடுவில் இருக்கிற இந்த மூன்று நாலு வாரம்தான் பார்ப்பதற்குத் தோதான நேரம். இப்போது குறையைக் குறித்து வைத்தால் மழையோடு உரம் போடலாம். ஏப்ரலில் பார்த்தால் எல்லாமே பச்சையாகத் தெரியும். களையும் பச்சைதானே.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர், பழைய சமையல் கத்தி, வாளி, பாத்திரம் கழுவும் சவுக்காரம், நோட்டுப் புத்தகம் இவற்றோடு இறங்கினேன். அம்மா வீட்டு முன் அஞ்சடி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எண்பத்து மூன்று வயது. கண் புரை எடுத்த பிறகு முன்னைவிட அதிகமாகவே பார்க்கிறார்.

"என்னடா தேடுற?"

"புல்லுக்கு என்ன நோவுன்னு பாக்குறேம்மா."

"புல்லுக்கு நோவு வந்தா நல்லதுதானே?"

அம்மா முப்பது வருடத்துக்கு மேல் களை வேலை செய்தவர். புல்லைச் சாகடிக்கத்தான் அவருக்குக் கூலி. அதனால் இந்தக் கேள்வியில் கிண்டல் பாதிதான்.

முதலில் சருகை அள்ளினேன். ரப்பர் இலை மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும். காய்ந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். லேசாகக் கிடந்தால் கெடுதல் இல்லை, நொறுங்கி மண்ணோடு சேரட்டும் என்று விட்டுவிடலாம். இடையிடையே புல் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியாத அளவுக்கு மூடியிருந்தால், அதன் மேல் ஒரு மழையும் பெய்துவிட்டால், பாய் போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டு அடியில் இருக்கிற புல் வெளுத்துவிடும். ஈக்குமாறால் வாரி வேலியோரக் குழியில் போட்டேன். எரிக்கக் கூடாது, சட்டம் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் இன்னும் எரிக்கிறார்கள், அது வேறு விஷயம்.

அப்புறம் புல்லின் மேல் குறுக்காக ஒரு நடை நடந்து, திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் போதுமானதாக இருந்தால் மிதித்த புல் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்துவிடும். என் கால் தடம் ஒன்பது எண்ணலாம் போல வரிசையாக அப்படியே கிடந்தது. நிறமும் பச்சையில் கொஞ்சம் சாம்பல் கலந்த மாதிரி. தாகம்தான், சந்தேகமில்லை. இது நோய் இல்லை. புல் முழுக்கக் காய்ந்து பழுப்பாவதற்கு முன்னால் கொடுக்கிற தகவல்.

அடுத்து இலை. ஒரு தண்டைப் பிடுங்கி அடி இலை முதலில் மஞ்சளாகிறதா நுனி இலையா என்று பார்ப்பது என் பழக்கம். தோட்டத்துக்கு விவசாய அதிகாரி வருகிற நாட்களில் பின்னாலேயே மூட்டைக் கணக்கோடு நடந்து கற்றுக்கொண்டது. செம்பனையில் பதினேழாவது மட்டையை வெட்டி எடுத்துத்தான் சத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அடி மட்டை ஆரஞ்சு நிறமானால் மெக்னீசியம் குறைச்சல். மரமோ புல்லோ, தழைச்சத்தும் மெக்னீசியமும் பற்றாவிட்டால் கிழட்டு இலையிலிருந்து உருவி இளம் இலைக்குக் கொடுத்துவிடும். கிழடுதான் முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்துக் குறைச்சல் என்றால் நேர்மாறாக இளசு வெளுக்கும். என் புல்லில் அடி இலை மஞ்சள். போன செப்டம்பருக்குப் பிறகு உரமே போடவில்லை என்று நோட்டு சொன்னது. யாரைக் குறை சொல்ல?

மண் புளிப்பைப் பார்க்க இணையத்தில் ஒரு மீட்டர் வாங்கி வைத்திருந்தேன், பதினெட்டு மலேசிய வெள்ளி. மண்ணில் குத்தினால் ஏழு காட்டியது, அதாவது புளிப்பே இல்லை. ஆற்றோர மண்ணில் குத்தினேன், ஏழு. சந்தேகம் வந்து ஒரு கிண்ணம் வினிகரில் விட்டேன், ஆறரை. அதைப் பேரன்கள் விளையாட எடுத்து வைத்துவிட்டு, மண்ணைத் தண்ணீரில் கரைத்து நிறம் மாறும் தாளை நனைத்தேன். ஐந்துக்குக் கொஞ்சம் கீழே. இந்த நாட்டு மேட்டு மண்ணுக்கு அது சாதாரணம்தான். மாட்டுப்புல் தாங்கும், ஆனாலும் ஒரு கை டோலமைட் சுண்ணாம்பு கிடைத்தால் போடுகிற உரம் வீணாகாது. சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒரே நாளில் போடக் கூடாது. போட்டால் யூரியாவில் இருக்கும் தழைச்சத்து ஆவியாகக் காற்றோடு போய்விடும். ஸ்டோரில் இருந்தபோது இதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன், சிலர் கேட்டார்கள்.

இனி உண்மையான சங்கதி. என் புல்தரையில் மூன்று இடத்தில் பழுப்பு. மூன்றும் ஒரே காரணம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்: வெயில்.

முதல் பழுப்பு கேட்டுப் பக்கம். மருமகன் வந்தால் மைவியை அங்கேதான் ஏற்றி நிறுத்துவார். ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினேன். மற்ற இடங்களில் பிடி வரை இறங்கியது, இங்கே இரண்டு விரல் அகலத்துக்கு மேல் போகவில்லை. கத்தியால் ஒரு ஆப்பு போல வெட்டி எடுத்துப் பார்த்தால் வேர் ஒரு அங்குலம்கூட இல்லை. நல்ல இடத்தில் மூன்று அங்குலம் இருந்தது. வெட்டின துண்டில் இன்னொன்றும் பார்க்கலாம்: பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவே பஞ்சு மாதிரி காய்ந்த நார் அடுக்கு. அரை அங்குலத்துக்கு மேல் தடித்தால் தண்ணீர் கீழே இறங்காது. மாட்டுப்புல்லில் அது அவ்வளவாகச் சேராது, ஜப்பான் புல் போட்டவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

டயர் தடத்தில் மட்டும் ஒரு புல் செழிப்பாக, விசிறி மாதிரி தட்டையாகப் படுத்துக் கிடந்தது. மலாய்க்காரர்கள் சம்பாவ் என்பார்கள். நான் அதைப் பிடுங்கப் போனேன். அம்மா அங்கிருந்தே சொன்னார்.

"அதைப் புடுங்கி என்ன செய்ய? மண்ணு இறுகினா அது வரும். எங்க பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துல அது மட்டும்தான் முளைக்கும். ஆளுங்க மிதிக்கிற எடம்ல."

அதுதான். ஸ்க்ரூ டிரைவர் சொன்னதையே அம்மா இருபதடி தூரத்திலிருந்து சொல்லிவிட்டார்.

அப்புறம் நான் சும்மா ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்க ஆரம்பித்தேன். கழிவுநீர்க் கால்வாய் ஓரத்துக் கோரை? "அடியில தண்ணி நிக்குது." தொட்டாற்சிணுங்கி? "சத்தில்லாத மண்ணு. அது தானே சம்பாதிச்சுக்கும்." இந்த இரண்டாவதைக் கேட்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். தொட்டாற்சிணுங்கி அவரை குடும்பம். வேர் முடிச்சில் காற்றுத் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். பால்மரத் தோட்டத்தில் இளங்கன்றுக்கு நடுவே மூடு பயிராகக் கொடி அவரை வகைகளைப் போட்டதும் அதற்காகத்தான். அம்மா இரண்டாம் வகுப்பு.

வேலியோரத்தில் ஒரே ஒரு லாலான் புல். அதைக் காட்டினதும் அம்மா எழுந்தே வந்துவிட்டார்.

லாலானை வெட்டினால் சாகாது. மண்ணுக்கடியில் வெள்ளை வேர்த்தண்டு ஊசி மாதிரி ஓடிக்கொண்டிருக்கும், ஒரு துண்டு மிஞ்சினாலும் முளைத்துவிடும். அதனால் தோட்டத்தில் லாலான் துடைப்பு என்று ஒரு வேலை இருந்தது. விரல்களில் துணியைச் சுற்றிக் கட்டி, மருந்தில் நனைத்து, ஒவ்வொரு இலையாக அடியிலிருந்து நுனி வரை உருவிவிட வேண்டும். மருந்து இலை வழியாக வேருக்கு இறங்கும். நாள் முழுக்க, வரிசை வரிசையாக, இலை இலையாக. எத்தனையோ ஏக்கரில் அம்மா அப்படி உருவியிருக்கிறார். இன்றைக்கும் வெறும் விரலாலேயே அந்த ஒற்றை லாலானை அடியிலிருந்து நுனி வரை ஒரு தடவை உருவினார். பழக்கம்.

மற்ற களைக்கு பாராகுவாட் தெளித்தார்கள். முதுகில் டாங்கி, காலில் ஜப்பான் சிலிப்பர். பட்ட இலை ஒரு நாளில் கருகிவிடும், அதனால் துரைமாருக்குப் பிடித்த மருந்து. அம்மாவுக்கு அந்த வருடங்களில் நகம் வெளுத்துக் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்த நாட்டில் அதற்கு முழுத் தடை. தடை வந்த செய்தியைப் படித்துக் காட்டினேன். "அப்படியா" என்றார். அந்த டின்களை எண்ணி, கையெழுத்து வாங்கிக் கொடுத்தது ஸ்டோரில் இருந்த நான். அம்மா வேலையை விடும் வரை, பத்துப் பதினோரு வருடம், அம்மா கும்பலுக்கும் நான்தான் கொடுத்தேன். இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதில்லை.

இரண்டாவது பழுப்பு நடுவில். வட்டமாக, ஒரு மரவைத் தட்டு அளவு, பக்கத்திலேயே இன்னும் இரண்டு. படைப்புழு என்று எனக்கு நிச்சயம். ராத்திரியில் மேய்ந்து பகலில் ஒளிந்துகொள்ளும் சாதி. புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வேரைத் தின்கிற புழு இருந்தால் பாயைச் சுருட்டுகிற மாதிரி கையோடு வந்துவிடும். வரவில்லை, வேர் பிடித்திருந்தது. அப்படியானால் வெளியே மேய்கிற புழு. இரண்டு மேசைக்கரண்டி சவுக்காரத்தை எட்டு லிட்டர் தண்ணீரில் கலந்து ஒரு சதுர மீட்டர் அளவுக்கு ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். புழுவோ பூச்சியோ இருந்தால் பத்து நிமிடத்துக்குள் எரிச்சல் தாங்காமல் மேலே வரும்.

வந்தது. ஒரு பிள்ளைப்பூச்சி, நாலு மண்புழு, ஒரு மரவட்டை.

"இதுக்கா இவ்வளவு சவுக்காரம்" என்றார் அம்மா. ஒரு பிள்ளைப்பூச்சியை நோய் என்று சொல்ல முடியாது. நாலு மண்புழு நல்ல சகுனம்; அவசரமாக நல்ல தண்ணீர் ஊற்றி அனுப்பி வைத்தேன். அம்மா காலால் பழுப்பு வட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடு. மெஷின்காரப் பையன் செரச்சிட்டான்."

குனிந்து பார்த்தால் ஆமாம். மூன்று வட்டமும் மூன்று மேடு. தோளில் மாட்டும் மெஷினை ஒரே மட்டத்தில் வீசிக்கொண்டு போகிறபோது மேட்டில் இலையே மிஞ்சாமல் தண்டு வரை வழித்திருக்கிறான். சுற்றியிருந்த இலைகளின் நுனியும் வெட்டுப்படாமல் கிழிந்து வெள்ளையாக நின்றது, நைலான் கயிறு அடிக்கிற அடி. மாட்டுப்புல்லை நாலைந்து சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்த வேண்டும், ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. காசை மிச்சம் பிடிக்க மாதம் ஒரு தடவைதான் அவனைக் கூப்பிடுகிறேன். முழங்கால் உயரத்தில் விட்டுவிட்டு மூன்றில் ஒரு பங்கு எடு என்றால் எப்படி?

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"துரை பங்களாவுல பதினாலு வயசுல புல்லு புடுங்கினேன்ல."

இதை நான் அதுவரை கேட்டதில்லை. பெரிய துரை பங்களா முன்னால் புல்தரை. பத்துப் பன்னிரண்டு பெண் பிள்ளைகளை வரிசையாகக் குந்த வைப்பார்களாம். ஆளுக்கு ஒரு சின்னக் கத்தி. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குந்தினபடியே நகர வேண்டும், களையை வேரோடு எடுக்க வேண்டும், புல்லை அறுத்துவிடக் கூடாது. பின்னால் கங்காணி. மேட்டில் புல் வெட்டும் இரும்பு உருளை ஏறி வழித்த இடத்தைக் கண்டால் துரைசாணி தோட்டக்காரனைத் திட்டுவாள். "அந்தப் புல்லு மேல நாங்க ஒரு நாளும் நடந்ததில்ல, தெரியுமா. குந்திக்கிட்டுத்தான் போனோம், குந்திக்கிட்டேதான் வந்தோம்."

மூன்றாவது பழுப்பு படிக்கட்டை ஒட்டி. சுவரோரமாக ஒன்றரை அடி அகலம், பன்னிரண்டடி நீளம், கயிறு பிடித்த மாதிரி நேர்கோடு. புல் மட்டும் இல்லை, களையும் செத்திருந்தது. பூச்சியும் பூஞ்சையும் நேர்கோட்டில் தின்பதில்லை. நாய் மூத்திரம் என்றால் வட்டமாக இருக்கும், சுற்றிலும் கரும்பச்சையாக ஒரு வளையம் தெரியும். சுவரின் சூடு? கிழக்குச் சுவர். மண்ணை விரலில் எடுத்தேன். மேலே லேசாக வெள்ளை பூத்திருந்தது.

அம்மாவைப் பார்த்தேன். அம்மா பால்மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா."

"என்னா."

"இங்க என்ன ஊத்துறீங்க?"

"கஞ்சித் தண்ணிதான்."

"கஞ்சித் தண்ணி மட்டுமா?"

"சுடச்சுட. கொஞ்சம் உப்பு."

தினமும். எட்டு மாதமாக. பாம்பு வருமாம். தோட்டத்து லயன் வீடுகளில் வாசலில் ஒரு புல் இருக்கவிட மாட்டார்கள். விடியற்காலையில் கூட்டித் தண்ணீர் தெளித்த வெறும் மண்தான் வாசல். புல் இருந்தால் பாம்பு, பாம்பு இருந்தால் பிள்ளை. அம்மாவின் தங்கை ஒருத்தி அப்படித்தான் போனாள் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதையும் என் புல்தரையையும் நான் சேர்த்து யோசித்ததில்லை. உப்புத் தண்ணீர் புல்லின் வேரிலிருந்து தண்ணீரைத் திருப்பி இழுத்துவிடும் என்று விளக்க வாயெடுத்தேன். அவருக்கு அது தெரியாமலா ஊற்றினார்.

பேரம் பேசினோம். உப்பு வேண்டாம், நானே சுவரோரம் இரண்டடிக்குப் புல்லை வெட்டி எடுத்துவிடுகிறேன் என்றேன். மூன்றடி என்றார். இரண்டரையில் முடிந்தது. வெட்டி எடுத்த நல்ல புல்லைத் துண்டு துண்டாக நடு மேட்டைச் செதுக்கி அங்கே பதித்தேன். மகள் மாதிரி விதை தூவ வேண்டிய அவசியம் இல்லை, மாட்டுப்புல் ஒரு கணு மண்ணைத் தொட்டால் போதும், ஓடிவிடும். கேட்டுப் பக்கத்தில் அரை அங்குல இரும்புக் கம்பியால் சாண் இடைவெளியில் துளை போட்டு மணலும் மக்கிய சாணமும் தூவினேன். மருமகனுக்கு ரோட்டில் நிறுத்தச் சொல்லி வாட்ஸ்அப் அனுப்பியாயிற்று. பதில் இல்லை, இரண்டு நீல டிக் மட்டும். டோலமைட் சதுர மீட்டருக்கு நூறு கிராம் இப்போது. மூன்று வாரம் கழித்து, மழை பிடித்ததும், பச்சை என்.பி.கே. உரம்.

ராத்திரி மகளை அழைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். உப்புக் கதையில் விழுந்து விழுந்து சிரித்தாள். பாட்டியிடம் கொடுங்கள் என்றாள். பகல் முழுக்கப் பிடுங்கினது போதாதென்று அம்மா அஞ்சடி விளக்கு வெளிச்சத்தில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து, என் சமையல் கத்தியால் கோரையைக் கிழங்கோடு எடுத்துக்கொண்டிருந்தார். போனைக் காதில் வைத்தேன்.

"ஏன் கண்ணு, அங்க இந்தப் புல்லு புடுங்குற வேலைக்கெல்லாம் கூலி எவ்வளவு?"

"இருபத்தஞ்சு டாலராவது கொடுக்கணும் பாட்டி."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"நாளைக்கா?"

"இல்ல பாட்டி, மணிக்கு."